மறு: டிவிடி பர்னருக்குத் தமிழில் என்ன? (கூடவே இடைமுகம்)

அன்பர்களுக்கு வணக்கம்.

நாம் தயாரிக்கும் கணினி வாங்குவோர் கையேட்டில், சிடி, டிவிடி வட்டுகளில் தரவைப் பதியும் பர்னர் கருவிக்கு 'எரிப்பான்' என்றே போட்டுவிடலாம் என்று இந்த உரையாடல் இழை முடியப் பார்க்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஒருமுறை மட்டும் எழுதும் வட்டில் சாயப் படலம் ஒன்று இருக்கிறது. லேசர் சூடு பட்ட இடத்தில் சாயம் மாறி, ஒளி திரும்புவது குறைகிறது. இதை எரிப்பு என்று ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். மீண்டும் எழுதும் வட்டில் இருப்பதோ உலோகக் கலவை. லேசர் உருக்கிய புள்ளி சட்டென்று குளிர்ந்து, படிக ஒழுங்கு இல்லாமல் உறைகிறது. அதைவிடக் குறைந்த சூடு காட்டினால் பழையபடி படிகமாகிறது, எழுதியது அழிகிறது. இங்கே எரிவது எதுவும் இல்லை. 'எரித்ததை அழித்துவிட்டு மறுபடி எரிக்கவும்' என்று அச்சிட்டால், முதன்முதலாக வாங்குபவர் வட்டு பாழாகிவிட்டது என்றுதான் நினைப்பார்.

கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் 'டிவிடி ரைட்டர்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். மக்கள் வழக்கே எழுதுவதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆகவே என் பரிந்துரை: வட்டெழுதி.

'எழுதி' வினையெச்சம் ஆயிற்றே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தனியே நின்றால் குழப்பம்தான். ஆனால் 'வெட்டி'யும் வினையெச்சம்தானே? பாக்குவெட்டியையும் மண்வெட்டியையும் யாரும் தவறாகப் படிப்பதில்லை. சுமைதாங்கி, இடிதாங்கி எல்லாம் இதே வார்ப்பு. வட்டெழுத்து நினைவுக்கு வருகிறது என்ற தடையும் பெரிதல்ல. அது கல்வெட்டு படிப்பவர்களின் சொல், இது கருவியின் பெயர்.

இறுவட்டு என்னும் இலங்கை நண்பர்களுக்கும் 'வட்டு' பழகிய சொல். குறுந்தகடு என்னும் தமிழகத்தாருக்கும் புரியும். எழுதும் வேகம், மீண்டும் எழுதும் வட்டு என்று குடும்பமாகச் சொற்கள் கிடைப்பது கூடுதல் ஆதாயம். பெட்டியில் 52x, 16x என்று போட்டிருப்பதை '52 மடங்கு', '16 மடங்கு' என்று எழுதலாம். ஆனால் எதன் மடங்கு என்பதை அவசியம் சொல்ல வேண்டும். சிடிக்கு ஒரு மடங்கு நொடிக்கு 150 கிலோபைட், டிவிடிக்கோ சுமார் 1,385 கிலோபைட். இது தெரியாமல் 52 பெரிதென்று எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது இடைமுகம், அதாவது கருவி கணினியோடு இணைந்து பேசும் 'இன்டர்ஃபேஸ்' என்பதற்கான சொல். வாங்குபவரின் கேள்வி 'என் மதர்போர்டில் இதைச் செருக இடமிருக்கிறதா?' என்பதுதான். ஐடிஇ என்னும் பழைய இணைப்பு என்றால் 40 முனைப் பட்டை வடம், ஒரே வடத்தில் உள்ள இரு கருவிகளில் எது மாஸ்டர் (முதலாவது), எது ஸ்லேவ் (இரண்டாவது) என்று குறிக்கப் பின்புறம் ஜம்பர் என்னும் சிறு செருகி. அதற்குப் பின் வந்த சாட்டா என்றால் 7 முனைத் தரவு வடம், 15 முனை மின்வடம். வேகத்துக்காக இங்கே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை: 16 மடங்கு டிவிடிக்கு நொடிக்கு 22 மெகாபைட் போதும், முதல் தலைமுறை சாட்டாவே 150 தரும். எனவே வாங்கும் பகுதியில் 'இணைப்பு வகை' என்று எளிதாகப் போடுவோம்.

ஆனால் இடைமுகத்தைத் தூக்கி எறியக் கூடாது. வெளியே வைக்கும் யூஎஸ்பி வட்டெழுதிகள் பலவற்றின் உள்ளே இருப்பது சாட்டா கருவிதான், நடுவில் ஒரு சில்லு (சிப்) யூஎஸ்பிக்கும் சாட்டாவுக்கும் இடையே மொழிமாற்றுகிறது. அங்கே பேச்சு செருகியைப் பற்றியது மட்டுமல்ல, கட்டளைகளையும் பற்றியது. தொழில்நுட்பப் பகுதியில் இடைமுகம் இருக்கட்டும். தனி மின்செருகி இல்லாத மெல்லிய வட்டெழுதிகளுக்கு யூஎஸ்பி 2.0 துளையின் 500 மில்லியாம்பியர் எழுதும்போது போதாமல் போகலாம். அதற்காக, இரண்டு துளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கத் தரும் வடத்தை 'இருதலை வடம்' என்று குறித்திருக்கிறேன்.

மிச்சம் இருப்பது 'இயக்கி'. டிரைவ் என்னும் கருவிக்கும் அதுவே, அதை இயங்கவைக்கும் டிரைவர் என்னும் மென்பொருளுக்கும் அதுவே என்றால் 'இயக்கிக்கு இயக்கியை நிறுவவும்' என்று வந்து நிற்கும். டிரைவை 'இயக்ககம்' என்று சிலர் எழுதுகிறார்கள், அதை எடுத்துக்கொண்டு மென்பொருளுக்கு மட்டும் இயக்கியை விடலாம். பள்ளிக் கல்வி இயக்ககத்தோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.