எரிந்த காட்டு ஓவியத்தில் இவ்வளவு பச்சை வரலாமா?

அரசலாற்றங்கரை:
கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் ஒரு படம் வரைந்திருக்கிறாள். ஆஸ்திரேலியாவில் 2019-20-இல் காடு எரிந்ததே, அதுதான் பொருள். நாலடி உயரம், சார்கோலில் கருகி நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள், கீழே சாம்பல், ஆனால் அடியிலிருந்து உச்சி வரை தண்டைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் பச்சை இலை. "எப்படி இருக்கு மாமா?" என்றாள். கருப்பு மனதைப் பிசைகிறது, பச்சை மட்டும் நம்பிக்கைக்காக ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது, துளிர் கிளை நுனியில்தானே வரும் என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிவிட்டது. நான் பார்த்தது தவறா?

ஒரத்தநாட்டுக்காரன்:
அவள் வரைந்ததுதான் சரி. யூகலிப்டஸ் பட்டைக்கு அடியில் மொட்டுகள் உறங்கிக்கொண்டே இருக்கும், தீயில் மேலே இலையெல்லாம் போனதும் அவை கருகின பட்டையைப் பிளந்துகொண்டு தண்டு முழுக்கத் துளிர்த்துவிடும். எல்லா வகையும் அப்படியில்லை, தீயில் செத்து விதையிலிருந்து மட்டுமே முளைப்பதும் உண்டு. நம் தைல மரமும் அந்த இனம்தானே, புதுக்கோட்டைப் பக்கம் வெட்டின கட்டையைச் சுற்றித் துளிர் கிளம்பி நிற்குமே, கவனித்ததில்லையா?

தோப்புவாசி, பேராவூரணி:
எனக்கு அந்தப் பச்சையைப் பார்த்தால் கொஞ்சம் வலிக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தபோது எங்கள் தோப்பே சாய்ந்தது. தென்னைக்கு உச்சியில் ஒரே குருத்து, அது முறிந்தால் மரம் அவ்வளவுதான், தண்டில் எங்கேயும் துளிர்க்காது. புதுசாகத் தென்னம்பிள்ளை வைத்து, காய்ப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். அந்தக் காட்டுத் தீயில் செத்ததும் இடம்பெயர்ந்ததுமாகக் கிட்டத்தட்ட 300 கோடி உயிர்கள் என்று கணக்கிட்டார்கள். மரம் துளிர்த்துவிடும், செத்த உயிர்களுக்கு என்ன இருக்கிறது? பச்சையை விடுங்கள், கீழே அந்தச் சாம்பலை எப்படி வரைந்திருக்கிறாள் என்று பாருங்கள்.

அரசலாற்றங்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. இன்று மறுபடி போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கருப்பைத் துடைக்காமல் அதன் மேலேயே பச்சையைத் தேய்த்திருக்கிறாள், ஒவ்வொரு இலை ஓரத்திலும் கரி கலங்கி நிற்கிறது. அப்புறம் அந்தச் சாம்பல். அதில் சின்னச் சின்னதாகப் பாதத் தடம், பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. நேற்று அது என் கண்ணிலேயே படவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தைல மரக் கட்டைகளைப் பார்க்கக் கூட்டிப்போகச் சொல்கிறாள்.