மறு: ‘ஈற்றளவு’ ஒன்றே போதுமா?

அன்புள்ள சேர்,

> லிற்றர் சைஸ் = ஈற்றளவு. இதோடு முடித்துவிடலாமா?

முடிக்காதீர்கள். நம் கட்டுரையில் வரும் லிற்றர் சைஸ் (litter size) என்றால் பொதுவாக ஒரு தாய் ஒரே தடவையில் ஈனும் குட்டிகளின் எண்ணிக்கை. லிற்றரை அப்படியே விட்டால் பால் லீற்றரோடு குழம்பும், கோழிக்காரர் கூட்டில் பரப்பும் கூளம் என்று நினைப்பார், அது சரி. ஆனால் மட்டக்களப்புப் படுவான்கரையில் மாடு வைத்திருப்பவருக்கு ஈற்று என்றால் எத்தனையாவது தடவை ஈன்றது என்பதுதான்: தலையீற்று, மூன்றாமீற்று. இலக்கணம் படித்தவருக்கோ ஈற்றெழுத்துதான் ஞாபகம் வரும். கொஞ்சம் நீட்டி ‘ஈற்றுக்குட்டித் தொகை’ என்றால் இரண்டு பேருக்கும் விளங்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், நம் கட்டுரை பேசுவது ஈன்ற குட்டிகளைப் பற்றி அல்ல, மடியைப் பங்கு போடும் குட்டிகளைப் பற்றி. 1960களில் கேம்பிரிட்ஜில் போசாக்கு ஆராய்ச்சியாளர்கள் மக்கான்சும் விடோசனும் ஒரே நாளில் பிறந்த எலிக்குட்டிகளைக் கலந்து, சில தாய்களிடம் 3, சில தாய்களிடம் 15 முதல் 20 என்று பிரித்து விட்டார்கள். மூன்று வாரத்தில் பால் மறக்கடித்த பிறகு எல்லாவற்றுக்கும் வேண்டிய மட்டும் தீனி. அப்படியும் நெரிசலில் பால் குடித்தவை கடைசிவரை சின்ன எலிகளாகவே இருந்தன. யார் எத்தனை ஈன்றது என்பதற்கு அங்கே வேலையே இல்லை. அந்த இடத்தில் ‘ஈற்று’ என்று எழுதினால் பரிசோதனையே பிழைத்துவிடும்.

போன மாரியில் எங்கள் மறியாடு மூன்று குட்டி போட்டது. காம்பு இரண்டு. கடைசிக் குட்டி தாயின் பின்னங்காலுக்குள் தலையை நுழைக்கும், மற்ற இரண்டும் இடித்துத் தள்ளும். அதன் வாய்க்குள் விரலை வைத்தால் குளிர். அம்மா ஈன்றவுடன் சுரக்கும் கடும்புப்பாலைப் பீச்சிப் போத்தலில் பருக்கித்தான் அது எழும்பியது. ஆட்டில் சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி) வழியாக நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் குட்டிக்குப் போவதில்லை, கடும்புப்பாலில்தான் போகவேண்டும். அதுவும் முதல் நாளுக்குள், பிறகு குடல் அவற்றை உள்ளே விடாது.

அன்று வேலிக்கு அப்பால் நின்று அயல்வீட்டு ஆச்சி கேட்டது: “மூணு போட்டதா? எத்தின பால் குடிக்குது?” இரண்டு கேள்வி. நமக்கும் இரண்டு சொல் வேண்டும். இரண்டாவதற்கு ‘பால்குட்டித் தொகை’ என்று போடுகிறேன். பாற்குட்டி என்று புணர்த்தச் சொல்லி ஒருவர் வருவார், வரட்டும். ஆடு வாங்க வருகிறவர் பால்குட்டி என்றுதான் கேட்கிறார்.

அப்புறம், வீனிங்குக்கு (weaning, குட்டியின் பால்குடியை நிறுத்துவது) ‘பால்மறப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கு முன் சொல்லுங்கள்.