எல்லா விமானமும் ஏன் ஒரே சாயல்? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு காலை

[காலை 9:42] நிலா: [படங்கள்]

[9:42] நிலா: சென்னை ஏர்போர்ட்ல காத்திருக்கேன். கண்ணாடி வழியா எடுத்த படம். ரெண்டு ஏர்பஸ்ஸாம், ஒண்ணு போயிங்காம். வால்ல இருக்கிற பெயிண்ட மறைச்சுட்டா எது எதுன்னே தெரியல. ஏன் எல்லாம் இப்படி ஒரே மாதிரி இருக்கு?

[9:45] கவின்: ஒருத்தன பாத்து ஒருத்தன் காப்பி அடிக்கிறான். வேறென்ன.

[9:51] பெரியப்பா செவ்வாய்பேட்டை: அறுபதுகளில் இந்தியன் ஏர்லைன்ஸ் ஓட்டிய காரவெல் விமானத்துக்கு எஞ்சின் வாலை ஒட்டி இருக்கும். ஏர் இந்தியாவின் போயிங் 707க்கு இறக்கைக்கு அடியில் நான்கு. பிரிட்டிஷ்காரர்களின் காமெட் விமானத்தில் எஞ்சின் இறக்கைக்குள்ளேயே புதைந்திருக்கும். நிழலைப் பார்த்தே பெயர் சொல்லிவிடலாம். அந்த முகங்கள் எல்லாம் போய்விட்டன. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

[9:58] சித்தப்பா ஏற்காடு: அண்ணா, உங்க வருத்தம் புரியுதுங்க. ஆனா கவின், காப்பின்னு சொல்லிட்டு விட்டுடாத. ஹேங்கர்ல எஞ்சின் மூடிய தெறந்து மூடியே வேலையில இருந்தவன் நான், கொஞ்சம் விவரமா சொல்றேன்.

[10:03] சித்தப்பா ஏற்காடு: காப்பின்னு ஒண்ணு நடந்திருந்தா அது 1945ல. போர் முடியற நேரத்துல போயிங் எஞ்சினியர் ஜார்ஜ் ஷைரர் ஜெர்மனிக்குப் போனார். பின்பக்கமா சாய்ஞ்ச இறக்கைய பத்தி அங்க செஞ்சு வெச்சிருந்த ஆராய்ச்சிய பாத்தார். உடனே அங்கிருந்தே ஊருக்குக் கடிதம் எழுதினார். போயிங்ல நேர் இறக்கையோட வரைஞ்சுட்டிருந்த குண்டுவீச்சு விமானத்த மாத்தினாங்க. அதுதான் 1947ல பறந்த பி-47. இறக்க 35 டிகிரி சாய்வு, எஞ்சின் எல்லாம் அடியில தொங்கும். பயணிகளோட 1958ல கிளம்பின 707ல இருந்து நிலா எடுத்த படம் வரைக்கும் அதே வம்சம்.

[10:05] நிலா: சாய்வு எதுக்கு சித்தப்பா?

[10:09] சித்தப்பா ஏற்காடு: இந்த ஜெட் எல்லாம் ஒலியோட வேகத்துல 78ல இருந்து 85 சதவீதம் வரைக்கும் போகும். விமானம் அந்த வேகத்துல போனாலும், இறக்க மேல வளைஞ்சு ஓடுற காத்து அதவிட வேகமா ஓடி ஒலிவேகத்தத் தாண்டிடும். அங்க அதிர்ச்சி அலை உண்டாகி விமானத்த பின்னாடி இழுக்கிற இழுவை ஒரேயடியா எகிறும். இறக்கைய சாய்ச்சா அது தள்ளிப்போகும். இது போயிங்குக்கும் அதேதான், ஏர்பஸ்ஸுக்கும் அதேதான், சீனாக்காரனுக்கும் அதேதான்.

[10:11] கவின்: சரி, எஞ்சின் ஏன் எல்லாத்துக்கும் இறக்கைக்கு அடியிலயே?

[10:20] சித்தப்பா ஏற்காடு: இதுதான் எனக்குப் புடிச்ச எடம். பறக்கும்போது இறக்க மேல்பக்கமா வளையப் பாக்கும். அதுலயே எஞ்சின் தொங்கினா, அந்த எடை கீழ இழுத்துப் புடிக்கும். எரிபொருளும் இறக்கைக்குள்ள இருக்கிறதால அதுவும் சேந்து புடிக்கும். அதனால இறக்கைய லேசா செய்யலாம். வால்கிட்ட வெச்சா அந்தப் புடிப்பு போயிடும், பின்னாடி உடம்ப பலமாக்கணும், எடை ஏறும்.

[10:26] சித்தப்பா ஏற்காடு: அதவிட முக்கியம் எஞ்சினோட பருமன். போயிங்கோட முதல் 737ல இருந்த எஞ்சினோட முன்விசிறி ஒரு மீட்டர் அகலந்தான். இப்ப ஏர்பஸ் ஏ320 நியோல மாட்டுற லீப் எஞ்சினுக்கு 198 செ.மீ. நிறைய காத்த மெதுவா தள்ளினா எரிபொருள் மிச்சம், அதனால வருஷத்துக்கு வருஷம் எஞ்சின் பெருத்துக்கிட்டே போச்சு. இத காமெட் மாதிரி இறக்கைக்குள்ள எப்படிப் புதைக்கிறது? அடியில தொங்கினா வேலை செய்யவும் வசதி. பெரிய ஏணி வேண்டாம், தரையில நின்னே மூடியத் தெறக்கலாம்.

[10:29] அத்தை அம்மாபேட்டை: முன்னெல்லாம் நாலு எஞ்சின் இருக்குமே தம்பி? இப்ப ரெண்டுதான் பாக்கறேன். பயமில்லையா?

[10:34] சித்தப்பா ஏற்காடு: அக்கா, நாலு எஞ்சின் வெச்சதுக்குக் காரணமே பழைய எஞ்சின நம்ப முடியாததுதான். ரெண்டு எஞ்சின் விமானம் பக்கத்து ஏர்போர்ட்டுக்கு 60 நிமிஷத்துக்கு மேல தள்ளிப் போகக்கூடாதுன்னு அமெரிக்காவுல சட்டம் இருந்துச்சு. எஞ்சின் தேறினதும் 1985ல அத 120 நிமிஷமாக்கினாங்க, அப்புறம் 180. கடல தாண்ட ரெண்டே போதும்னு ஆச்சு. மூணு எஞ்சின் ரகம் முதல்ல போச்சு. ஏ380 உற்பத்தி 2021ல முடிஞ்சுது. கடைசி 747 2023ல டெலிவரி ஆச்சு.

[10:37] மாமா அம்மாபேட்டை: மாப்ள, இறக்க நீளங்கூட எல்லாத்துக்கும் ஒண்ணா இருக்கே, அதுக்கும் கணக்கு இருக்கா?

[10:43] சித்தப்பா ஏற்காடு: இருக்கு மாமா. ஏர்போர்ட்டுல விமானம் நிக்கிற எடத்துக்கு அளவு உண்டு. இந்த ரகத்துக்கு இறக்க நுனிக்கு நுனி 36 மீட்டருக்குள்ள இருக்கணும். ஏ320 நியோ 35.8. 737 மேக்ஸ் 35.9. சீனாவோட சி919 35.8. ரஷ்யாவோட எம்சி-21 35.9. நாலு பேரும் கோட்டத் தொட்டு நிக்கிறாங்க. இறக்க நீண்டா எரிபொருள் மிச்சம், ஆனா 36 தாண்டினா நிறுத்த எடம் இல்ல. இன்னும் பெரிய ரகத்துல 777எக்ஸ் 65 மீட்டருக்குள்ள அடங்கறதுக்காக தரையில இறக்க நுனிய மடிச்சுக்கும்.

[10:46] மாமா அம்மாபேட்டை: அப்ப நம்ம சங்ககிரி லாரி பாடி மாதிரிதான். அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவுன்னு சட்டம் சொல்லிடுது. பட்டறை எதுவானாலும் லாரி ஒண்ணாத்தான் வரும்.

[10:47] சித்தப்பா ஏற்காடு: அதேதான் மாமா.

[10:52] சித்தப்பா ஏற்காடு: பழைய அளவுக்குள்ள புதுச நெருக்கினதுக்கு விலையும் உண்டு. 737 அறுபதுகள்ல வரைஞ்சது, தரைக்கு ரொம்பக் கிட்ட நிக்கும். மேக்ஸுக்கு பெரிய எஞ்சின் மாட்ட அடியில எடம் பத்தல. முன்னாடியும் மேலயும் தள்ளி மாட்டினாங்க. பறக்கிற தன்மை மாறுச்சு. அத சரிகட்ட ஒரு மென்பொருள் வெச்சாங்க, அது ஒரே ஒரு உணரிய நம்பி மூக்கக் கீழ அழுத்துச்சு. 2018லயும் 2019லயும் ரெண்டு விபத்து, 346 உயிர். பழைய உடம்புல புதுசத் திணிச்சா அத விமானிகிட்டயும் பயணிகிட்டயும் மறைக்கக்கூடாதுங்கிறது என் உறுதியான கருத்து.

[10:56] நிலா: என் படத்துல எது போயிங் சித்தப்பா?

[10:58] சித்தப்பா ஏற்காடு: ரெண்டாவது. வால் ஆரம்பிக்கிற எடத்துல முன்பக்கமா ஒரு முக்கோணம் நீண்டிருக்கு பாரு, மூக்கும் கூரா இருக்கும். ஏ320க்கு மூக்கு உருண்ட. 737 ஏறும்போது வயித்துப் பக்கம் பாத்தா சக்கரம் அப்படியே வட்டமா தெரியும், அதுக்கு முழு மூடி கிடையாது.

[11:01] நிலா: ஆமா முக்கோணம் இருக்கு!! இனிமே கண்டுபுடிச்சுடுவேன்.

[11:04] அத்தை அம்மாபேட்டை: வெள்ளிக்கிழம நானும் மாமாவும் சென்னைக்குப் போறோம், காமலாபுரம் சேலம் ஏர்போர்ட்டுல இருந்து. அந்த சின்ன விமானம் வேற மாதிரி இருக்கே, விசிறியோட.

[11:12] சித்தப்பா ஏற்காடு: அது ஏடிஆர் 72 அக்கா. அதுக்கு வேலையே வேற. நம்ம ஓடுபாதை 1800 மீட்டர் போல. கொஞ்ச தூரம், எழுபது பேர் சொச்சம், மணிக்கு 500 கி.மீ. போதும். அந்த வேகத்துல விசிறிதான் சிக்கனம். பெரிய விசிறி தரையில படக்கூடாதுன்னு இறக்க உடம்புக்கு மேல போச்சு. மெதுவா போறதால சாய்வு தேவையில்ல, இறக்க நேரா இருக்கு. அண்ணா, நீங்க தேடுற வேற முகம் நம்ம ஊர்லயே வந்து எறங்குதுங்க.

[11:15] கவின்: இப்ப தேடிப் பாத்தேன். கனடாக்காரங்க செஞ்ச க்யூ400ம் இதே மாதிரிதான் இருக்கு. மேல இறக்க, டி எழுத்து மாதிரி வால், விசிறி.

[11:18] சித்தப்பா ஏற்காடு: பாத்தியா! வேலை ஒண்ணா இருந்தா அங்கயும் சாயல் வந்துடுது. சக்கரத்த பாரு: ஏடிஆருக்கு வயித்துப் பக்கமா மடங்கும், க்யூ400க்கு எஞ்சின் கூண்டுக்குள்ள போகும்.

[11:21] பெரியப்பா செவ்வாய்பேட்டை: அப்படியென்றால் புதிய உருவமே இனி வராதா?

[11:29] சித்தப்பா ஏற்காடு: வரும்னு நம்பறேன் அண்ணா. வெளிய தெரியலைன்னாலும் உள்ள மாறிடுச்சு. 787ல எடையில பாதி கார்பன் இழை கலந்த பொருள், அலுமினியம் இல்ல. உடம்பும் இறக்கையும் ஒண்ணா இழையற உருவத்துல ஒரு விமானம் செஞ்சு பறக்கவிட ஜெட்ஜீரோங்கிற கம்பெனிக்கு 2023ல அமெரிக்க விமானப்படை பணம் ஒதுக்கியிருக்கு. ஆனா லேசு இல்ல. குழாய் மாதிரி உருண்டையா இருந்தா காத்தழுத்தம் சமமா பரவும், தட்டையா இருந்தா பலப்படுத்தணும். பாதி கதவ மட்டும் வெச்சு 90 விநாடில எல்லாரையும் வெளிய எறக்கிக் காட்டணும்னு விதி இருக்கு. நடுவுல உக்காந்தவங்க எந்த வழியா ஓடுவாங்க? அதுக்குப் பதில் கண்டுபுடிச்சவங்கதான் அடுத்த முகத்த கொண்டு வருவாங்க.

[11:32] பெரியப்பா செவ்வாய்பேட்டை: பார்க்க ஆசையாக இருக்கிறது தம்பி.

[11:34] அத்தை அம்மாபேட்டை: தம்பி, அந்த ஏடிஆர்ல எந்த சீட்டு போடறது?

[11:37] சித்தப்பா ஏற்காடு: பின்னாடி போடுங்கக்கா. கதவு பின்பக்கந்தான், சீக்கிரம் எறங்கிடலாம். விசிறிச் சத்தம் முன்னாடி வரிசையிலதான் ஜாஸ்தி. வலது பக்கம் எடுங்க, வடகிழக்கா ஏறினா சேர்வராயன் மலை அந்தப் பக்கம் வரும்.

[11:39] மாமா அம்மாபேட்டை: கவின், பின் வரிசையில வலது பக்கம் ரெண்டு சீட்டு போட்டுடு. ஜன்னல் உங்க அத்தைக்கு.

[11:40] கவின்: போட்டுடறேன் மாமா. ரெண்டு பேரும் ஆதார் எடுத்து வெச்சுக்கோங்க.