பாத்ரூமுக்கு ஏஎஃப்சிஐ பிரேக்கர் வேண்டுமா?

கோத்தகிரிக்காரன்:
பழைய வீடு, வயரிங் மாற்றுகிறோம். அமெரிக்காவில் இருக்கும் மச்சான், அங்கே படுக்கையறைக்கெல்லாம் ஏஎஃப்சிஐ (தீப்பிடிப்பதைத் தடுக்கும் பிரேக்கர்) கட்டாயம், பாத்ரூமுக்கும் போட்டுவிடு என்கிறார். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணனோ அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையாம். எது சரி?

குன்னூர் வயர்மேன்:
அவர்கள் ஊர் என்இசி (அமெரிக்க வயரிங் விதித்தொகுப்பு) விதியிலேயே ஏஎஃப்சிஐ கட்டாயமான அறைகளின் பட்டியலில் பாத்ரூம் இல்லை. அங்கே பாத்ரூம் பிளக்குக்குக் கேட்பது ஜிஎஃப்சிஐ, ஷாக்கிலிருந்து காப்பாற்றுவது; சுமார் 5 மில்லிஆம்பியர் கரண்ட் கசிந்தாலே அணைந்துவிடும். ஏஎஃப்சிஐ என்பது லூசான இணைப்பில் பொறி பறந்து தீப்பிடிப்பதைத் தடுக்க, ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்ற அல்ல. நீங்கள் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (இதுவும் கரண்ட் கசிந்தால் அணைவதுதான்) போடுங்கள், கூடவே எம்சிபி (ஓவர்லோடானால் அணையும் பிரேக்கர்), ஏனென்றால் ஓவர்லோடை ஆர்சிசிபி கண்டுகொள்ளாது. எர்த் ஒழுங்காக இருக்கட்டும்.

கொடை குளிர்:
எங்கள் வீட்டில் ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆனது. இந்தக் குளிரில் வெந்நீர் இல்லாமல் எரிச்சலாகி, அதைக் கழற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன் (புத்தி!), பார்த்தால் கீசர் எலிமென்ட் வெடித்துக் கரண்ட் தண்ணீரில் கசிந்திருக்கிறது. அப்புறம், 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள்.

கோத்தகிரிக்காரன்:
ஐயோ, இப்போது அதில்தான் மாட்டியிருக்கிறது. இன்றே கழற்றுகிறேன்.