ஒன்பதாம் வகுப்பு மகனுக்கு டிஸ்லெக்சியா: பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைக்கு எங்கிருந்து தொடங்குவது?

திண்டுக்கல் அம்மா:

வணக்கம். இவ்வளவு நாள் இங்கே வாசித்துவிட்டுப் போவதோடு சரி. இன்றைக்கு என் வீட்டு விஷயத்தையே எழுதுகிறேன்.

என் மகனுக்கு 14 வயது. அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்பு. வாயால் கேட்டால் எதையும் சொல்வான். போன வாரம் நான் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு செரிமான மண்டலத்தை வாயிலிருந்து பெருங்குடல் வரைக்கும் தடங்கலே இல்லாமல் சொன்னான். கல்லீரல் எதற்கு, பித்தநீர் எதற்கு என்று குறுக்கே கேட்டேன், அதற்கும் பதில் வந்தது. மறுநாள் பள்ளியில் அதே கேள்வி. மூன்று வரிதான் எழுதியிருக்கிறான். அதிலும் 'கொழுப்பு' என்று வரவேண்டிய இடத்தில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. கீழே சிவப்பு மையில் 'சோம்பேறித்தனம்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அளவு நோட்டைப் படிக்கச் சொன்னால் 36-ஐ 63 என்பான். ஆனால் துணியைக் கையில் கொடுத்தால் எது நேர், எது கிராஸ் என்று தொட்டே சொல்லிவிடுவான். இவனை எப்படிச் சோம்பேறி என்பது?

மூன்றாம் வகுப்பிலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது. 'போகப் போகச் சரியாகிவிடும்' என்றார்கள். அப்புறம் டியூஷன், இன்னொரு டியூஷன். போன மாதம்தான் மதுரையில் ஓர் உளவியலாளரிடம் காட்டினோம். இரண்டு நாள் பரிசோதித்தார். அறிவுத்திறன் சராசரிக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது, வாசிப்பு மட்டும் மூன்றாம் வகுப்பு அளவில் நிற்கிறது, டிஸ்லெக்சியாவும் (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) டிஸ்கிராஃபியாவும் (எழுதுவதில் வரும் குறைபாடு) சேர்ந்து இருக்கிறது என்றார். ஆறு பக்க அறிக்கை கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். 'இந்தச் சலுகையெல்லாம் சிபிஎஸ்இ பிள்ளைகளுக்குத்தான், நமக்கு வராது' என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அதற்கு மேல். மாற்றுத்திறனாளி என்று சான்றிதழ் வாங்கினால் நாளைக்கு வேலை, கல்யாணம் எல்லாவற்றிலும் அது கூடவே வரும் என்று என் மாமியார் அழுகிறார். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வருடம் பொதுத் தேர்வு. ஸ்டேட் போர்டில் உண்மையிலேயே ஒன்றும் கிடையாதா? சான்றிதழ் வாங்கியே ஆகவேண்டுமா? இந்த வழியில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வள மையத்து ஆசிரியை:

அம்மா, நான் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியையாக இருக்கிறேன். முதலில் ஒன்று. 'நமக்கு வராது' என்று உங்களிடம் சொன்னது தவறு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது. அதில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு எல்லாம் அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. எந்த போர்டு என்று சட்டம் பிரிக்கவில்லை. நம் அரசுத் தேர்வுகள் இயக்ககமும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு ஆகிய சலுகைகளைத் தருகிறது. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் போக வேண்டும். எனவே அவரைப் பகைத்துக்கொள்ளாமல் பிரிவு எண்ணோடு ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணில் சொல்லுங்கள்.

தனியார் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள், ஆனால் அது மட்டும் போதாது. அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். முதலில் கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு அறிவுத்திறன் சோதனை, அதற்குப் பின் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனை. மாவட்டத்தில் இருக்கும் ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம் (சுருக்கமாக டி.இ.ஐ.சி.) 18 வயது வரைக்கும் பிள்ளைகளைப் பார்க்கும். 'டி.இ.ஐ.சி. எங்கே?' என்று கேட்டால் மருத்துவமனையில் வழி சொல்வார்கள்.

மொழிப்பாட விலக்கைப் பற்றி என் கருத்து இது. கிடைக்கிறது என்பதற்காக உடனே எடுத்துவிடாதீர்கள். உங்கள் மகன் வாயால் இவ்வளவு சொல்கிறான் என்றால், எழுத ஆள் கிடைத்தால் தமிழில் நல்ல மதிப்பெண் வரும். விலக்கு தேவைப்பட்டால் ஆங்கிலத்துக்குக் கேளுங்கள். அதையும் அவனிடம் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

கொம்பு பின்னால் போனதாக எழுதியிருந்தீர்கள். 'கொ' என்று சொல்லும்போது காதுக்கு முதலில் கேட்பது க். எழுதும்போதோ முதலில் கொம்பு, பிறகு எழுத்து, கடைசியில் கால். ஓர் உயிரொலியை இரண்டாகப் பிரித்து எழுத்துக்கு முன்னும் பின்னும் வைக்கிறோம். உங்கள் மகன் காதில் கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறான். நான் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, 'கொம்பு, க, கால், கொ' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைப்பேன். விரலும் வாயும் கண்ணும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒரு நாளைக்கு இரண்டே எழுத்து, பத்து நிமிடம். 14 வயதுப் பையன் கூச்சப்படுவான், கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள்.

ஒரு மகளின் அப்பா:

தங்கச்சி, என் மகள் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். நாங்களும் இந்த வழியாகத்தான் வந்தோம். எங்கள் வீட்டில் அழுதது என் அம்மா.

எங்களுக்கு எங்கே நேரம் போனது என்று சொல்கிறேன், நீங்கள் அதை மிச்சப்படுத்தலாம். முதல் தடவை மருத்துவமனைக்குப் போனபோது, குழு கூடும் நாள் அன்றைக்கு இல்லை. இரண்டாவது தடவை போனோம், உளவியலாளர் விடுப்பு. என் மகள் இரண்டு தடவையும் பள்ளிச் சீருடையிலேயே வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது தடவை முந்தின நாளே போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போனேன், வேலை நடந்தது. ஆதார், பள்ளிச் சான்று, புகைப்படம், தனியார் அறிக்கை எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அவளுடைய பழைய நோட்டுகளையும் கொண்டுபோயிருந்தேன். மூன்றாம் வகுப்பு நோட்டு, ஆறாம் வகுப்பு நோட்டு, எட்டாம் வகுப்பு நோட்டு. மருத்துவர் மூன்றையும் மேசையில் வரிசையாக விரித்து வைத்து வெகு நேரம் பார்த்தார். அதே ண-ன குழப்பம், அதே ல-ள-ழ குழப்பம், எல்லா வருடத்திலும். 'படிக்காத பிள்ளை இப்படி ஒரே மாதிரித் தப்பு பண்ணாது' என்றார். அன்றைக்குத்தான் என் மனது தெளிந்தது. அதுவரைக்கும் அவளை நானும் அடித்திருக்கிறேன்.

சான்றிதழ் விஷயம். அது என் வீட்டு பீரோவில் இருக்கிற ஒரு காகிதம். தேவைப்பட்ட இடத்தில் எடுத்துக் காட்டினேன், மற்ற இடத்தில் யாருக்கும் தெரியாது. சான்றிதழ் இல்லாத நாளிலும் அவளை ஊரே 'மக்கு' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பெயரை எடுத்துவிட்டு இதை வைத்தோம் என்று என் அம்மாவிடம் சொன்னேன். உங்கள் மாமியாரிடம் வேறு யாரும் பேசுவதைவிட உங்கள் வீட்டுக்காரர் பேசினால் எடுபடும். அவரைக் கூட்டிக்கொண்டு போய் மருத்துவரிடம் நேராகக் கேட்க வையுங்கள்.

குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் வந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத இடங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். என் மகள் அதில்தான் சேர்ந்தாள். 18 வயதானதும் எங்களை மறுபடியும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாம் பெஞ்ச்:

அக்கா, எனக்கு டிஸ்கிராஃபியா. பிஎஸ்சி படிக்கிறேன். பெரியவர்கள் சான்றிதழைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் தேர்வு அறையைப் பற்றிச் சொல்கிறேன். அதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வன்றைக்குக் காலையில்தான் எனக்காக எழுத வந்த ஆசிரியரை முதல் தடவையாகப் பார்த்தேன். தனி அறை. நல்லவர், தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறந்து வைத்தார். 'சொல்லுப்பா' என்றார். எனக்கு வாயே வரவில்லை. வீட்டில் அம்மாவிடம் சொல்வது வேறு, முன்பின் தெரியாதவர் பேனாவோடு காத்திருக்கும்போது சொல்வது வேறு. முதல் இருபது நிமிடம் அப்படியே போயிற்று. கூடுதல் ஒரு மணி நேரம் இருந்ததால் தப்பித்தேன்.

கணக்கு இன்னும் கஷ்டம். 'எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஐந்து எக்ஸ், அது முழுக்க அடைப்புக்குள், கீழே கோடு, கோட்டுக்குக் கீழே எக்ஸ் மைனஸ் ஒன்று' என்று ஒவ்வொரு வரியையும் சொல்ல வேண்டும். 'அது முழுக்க' என்கிற வார்த்தையை நான் விட்டால் அவர் வேறு மாதிரி எழுதுவார், விடையே மாறிவிடும். இதை ஒரு தனிப் பாடம் மாதிரிப் பழக வேண்டும். வடிவியல் படத்தைப் போடச் சொல்வதையும் சேர்த்து.

அதனால் இந்தக் காலாண்டுத் தேர்விலேயே எழுத ஆள் வைக்கச் சொல்லிப் பள்ளியில் கேளுங்கள். வீட்டில் நீங்கள் எழுதுங்கள், அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவை எழுதச் சொல்லுங்கள், அப்புறம் அவனுக்குப் பழக்கமே இல்லாத ஒருவரை. நிறுத்தக் குறி எங்கே, பத்தி எங்கே என்று சொல்லப் பழகட்டும். எழுதினதைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கவும் பழகட்டும். ஆரம்பத்தில் கேள்வித்தாளை வாசிக்கத் தருகிற பத்து நிமிடத்தில், எந்தக் கேள்வியை முதலில் சொல்வது என்று முடிவு செய்துவிட வேண்டும்.

கடைசி நேரத்தில் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2021 நீட் தேர்வில் அவ்னி பிரகாஷ் என்ற மாணவிக்கு, என்னைப் போலவே டிஸ்கிராஃபியா, சான்றிதழும் இருந்தது. ஆனாலும் தேர்வு மையத்தில் கூடுதல் நேரம் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அந்த வருடம் நவம்பரில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் மறுதேர்வு நடத்தச் சொல்லவில்லை. அதே வருடம் பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், எழுத ஆள் கேட்பவருக்கு 40 சதவீதம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. உங்கள் மகனுக்குச் சதவீதம் குறைவாக வந்தாலும் விட்டுவிடாதீர்கள். அனுமதி ஆணையின் நகலைத் தேர்வு நாளில் அவன் பையிலேயே வைத்து அனுப்புங்கள்.

அந்தச் சிவப்பு மை வார்த்தை எனக்கும் வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். தம்பியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

திண்டுக்கல் அம்மா:

மூன்று பேருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் வீட்டுக்காரருக்கு உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். பழைய நோட்டைப் பற்றிச் சொன்ன இடத்தில் எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பரணில் ஏணி போட்டு, கட்டி வைத்திருந்த நோட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான்காம் வகுப்பு நோட்டும் ஏழாம் வகுப்பு நோட்டும் கிடைத்தன.

நேற்று ராத்திரி அவன் சொல்ல நான் எழுதினேன். அதே செரிமான மண்டலம், அதே கேள்வி. ஒன்றரைப் பக்கம் வந்தது. நடுவில் இரண்டு தடவை, 'ம்மா, நீ எழுதி முடிக்கறதுக்குள்ள எனக்கு மறந்துரும்' என்றான். முடித்ததும் தாளை வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். 'இது நான் எழுதினதா?' என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போகிறோம். குழு அன்றைக்குக் கூடுகிறது என்று போன் பண்ணி உறுதி செய்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். ஆதாரில் அவனுக்கு இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, பள்ளிப் பதிவில் முன்னால். இதைத் திருத்திவிட்டுத்தான் போக வேண்டுமா, இப்படியே கொண்டுபோகலாமா?

வள மையத்து ஆசிரியை:

செவ்வாய்க்கிழமையைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா, பரிசோதனை முதலில் நடக்கட்டும். இரண்டிலும் இருப்பவன் ஒருவன்தான் என்று தலைமையாசிரியரிடம் பள்ளிச் சான்று ஒன்று வாங்கிக் கூட வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போவதற்குள் ஆதாரைத் திருத்திவிடலாம், இன்னும் நாள் இருக்கிறது.