ஆஞ்சியோ நார்மல் என்று வந்த பிறகும் நெஞ்சு வலிக்கும் பெண்களுக்கு என்ன சிகிச்சை? இதய சிகிச்சையில் பெண்களுக்கு வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

இதயநோய் மருத்துவர்
"அடைப்பு இல்லை, கேஸ்தான்" என்று அனுப்பப்பட்ட பெண்கள் அதே வலியோடு திரும்பி வருவதை ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கிறோம். ஆஞ்சியோவில் தெரிவது இதயத்தின் பெரிய ரத்தக்குழாய்கள் மட்டுமே. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்குழாய்கள் தெரியாது. அவை தேவைக்கு விரியாவிட்டால் மாடிப்படி ஏறும்போதே நெஞ்சு இறுகும்.

இதை அளக்க முடியும். அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பியான பிரஷர் வயரை இதயக் குழாய்க்குள் இறக்கி, குழாயை விரிக்கும் அடினோசின் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம் வீதம் ஏற்ற வேண்டும். ரத்த ஓட்டம் இரண்டு மடங்குகூடக் கூடவில்லை, அல்லது நுண்குழாய்த் தடையின் எண் 25-ஐத் தொடுகிறது என்றால் நுண்குழாய் நோய். இதற்கு முதலில் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் தருவோம். குழாய் சுருங்கி இறுகும் ஸ்பாசம் என்றால் குழாயைத் தளர்த்தும் டில்டியாசெம், நைட்ரேட். ஸ்பாசம் உள்ளவருக்கு ப்ரோப்ரனோலால் என்ற பீட்டா பிளாக்கரைக் கொடுத்தால் வலி கூடிவிடலாம், அதனால்தான் வகை பிரிப்பது முக்கியம். 2018-ல் ஸ்காட்லாந்தில் இருந்து வந்த கார்மிகா ஆய்வில், இப்படி அளந்து மருந்தைத் தேர்ந்தெடுத்தபோது ஆறு மாதத்தில் வலி குறைந்தது.

கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) செவிலியர்
ஆஞ்சியோவை மணிக்கட்டு வழியாகச் செய்யும்போது, பெண்களுக்கு அங்குள்ள ரத்தக்குழாய் மெல்லியது, சட்டென்று இறுகிவிடும். முடிந்தால் 5 பிரெஞ்ச் அளவுள்ள சிறிய ஷீத் (உள்ளே நுழைக்கும் குழல்) போதும். ஷீத் உள்ளே போனதும், குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின் 100 முதல் 200 மைக்ரோகிராம் கொடுப்பார்கள். இறுகிய பிறகு பலமாக இழுத்தால் குழாயே கிழியும். பொறுத்திருந்து, மறுபடி மருந்து கொடுத்து, மெதுவாக எடுக்க வேண்டும்.

கழற்ற முடியாத வளையல் இருந்தால் முந்தின நாளே வார்டில் சொல்லிவிடுங்கள். நகப்பூச்சு இருந்தால் ஆக்சிஜன் அளவு தப்பாகக் காட்டலாம்.

மருந்தாளுநர்
ரத்தக்கசிவு பெண்களுக்குத்தான் அதிகம். எடை போடாமல் மருந்து ஏற்றுவது அதற்கு ஒரு காரணம். ரத்தம் உறையாமல் தடுக்கும் இனாக்சபாரின் ஊசி கிலோவுக்கு 1 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் 30-க்குக் கீழே இருந்தால் நாளுக்கு ஒருமுறைதான். மெலிந்த வயதான அம்மாவுக்குக் கிரியேட்டினின் 1.1 என்று வந்தாலும் கணக்குப் போட்டால் 30-க்குக் கீழே இருக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் பிரசுக்ரெல் மாத்திரை என்றால் 60 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு 5 மி.கி. போதும். முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்கு அது கூடவே கூடாது.

யாரும் கேட்காத ஒன்று, மாதவிடாய். ஸ்டென்ட் வைத்த பிறகு இரண்டு ரத்தம் உறையா மாத்திரைகள் ஓடும்போது உதிரப்போக்கு கடுமையாகும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையைத் தானே நிறுத்துகிறார்கள். முதல் மாதத்தில் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து மிக அதிகம். உதிரப்போக்கை நிறுத்தக் கடையில் டிரானெக்சாமிக் மாத்திரை வாங்கிப் போடுவதும் ஆபத்து, அது உறைந்த ரத்தக்கட்டியைக் கரையவிடாது. ஹீமோகுளோபின் பார்த்து, இரும்புச்சத்து கொடுத்து, மகப்பேறு மருத்துவரிடம் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் பற்றிக் கேட்பதே வழி. ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை வேண்டாம்.

இதயநோய் மருத்துவர்
இன்னொன்று சேர்க்கிறேன். பிரசவமாகிச் சில வாரங்களில் நெஞ்சுவலி வந்தால் இதய ரத்தக்குழாயின் சுவர் தானாகப் பிரிந்திருக்கலாம். ரத்த ஓட்டம் இருந்து, வலி அடங்கிவிட்டால் ஸ்டென்ட் வைக்காமல் காத்திருப்பதே நல்லது. ஸ்டென்ட் வைக்க வயர் உள்ளே போனால் பிளவு இன்னும் நீளலாம். பெரும்பாலும் சில மாதங்களில் தானே ஆறிவிடும். ஆனால் முதல் சில நாட்களாவது மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட்
பைபாஸ் ஆனவர்களுக்கு: மார்பகத்தின் எடை நெஞ்சில் போட்ட தையலைக் கீழே இழுப்பதால், முன்பக்கம் கொக்கி வைத்த, கம்பியில்லாத பருத்தி பிராவை அறுவை முடிந்த சில நாட்களிலேயே போட வேண்டும். வலிக்கிறது என்று தவிர்ப்பவர்களுக்குத் தையலின் கீழ்முனை பிரியலாம். சர்க்கரை நோய் இருந்தால் மார்பகத்துக்கு அடியில் வியர்வை தங்காமல் காஸ் துணி வையுங்கள், ஈரமானதும் மாற்றுங்கள். எட்டு வாரத்துக்கு 3 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைகுடம் பத்துக் கிலோவைத் தாண்டும், இதை வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லி அனுப்புங்கள்.