வக்கீல் இல்லாமல் ஃபெடரல் கோர்ட்டில் 'பிரிவு 1983' வழக்கு (அரசு அதிகாரிகள் உரிமையை மீறியதற்கு): கெடு எந்த நாளிலிருந்து?

கேள்வி (வழிப்போக்கன்): நியூ ஜெர்சியில் காரணமில்லாமல் ஒரு கைது. எட்டு மாதம் கழித்து கேஸ் தள்ளுபடி. வக்கீல் வைக்க வசதியில்லை. நகராட்சி மீதும் இரண்டு போலீஸ்காரர்கள் மீதும் நானே வழக்குப் போடலாமா? ஒருவர் பெயர் தெரியாது. இரண்டு வருடக் கெடு தள்ளுபடியான நாளிலிருந்துதானே?

சட்டப்பித்தன்: போடலாம். ஆனால் கெடு அப்படியில்லை, பலர் விழும் குழியே அதுதான். பொய்க் கைதுக்கு, நீதிபதி முன் நிறுத்திய நாளிலிருந்தே கடிகாரம் ஓடும் (வாலஸ் எதிர் கேட்டோ தீர்ப்பு, 2007). தள்ளுபடி நாள் கணக்கு, கெட்ட நோக்கத்தோடு வழக்கு நடத்தியதற்கு மட்டும். அதற்கும் நிரபராதி என்ற தீர்ப்பு வேண்டாம், தண்டனை இல்லாமல் முடிந்திருந்தால் போதும் (தாம்சன் எதிர் கிளார்க், 2022). எதற்கும் கைதான நாளையே வைத்து எண்ணுங்கள்.

பெயர் தெரியாதவரை 'ஜான் டோ' என்று பொதுப் பெயரில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கெடு தாண்டிப் பெயரைச் சேர்க்க, தேடி அலைந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். 'ஓப்ரா' (அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெறும் மாநிலச் சட்டம்) மனுவில் கைது அறிக்கையை இப்போதே கேளுங்கள். உடல் கேமரா பதிவை அழிக்கக்கூடாது என்றும் தனியாக ஒரு கடிதம்.

மணி_எடிசன்: புகாருக்கான படிவம்: 'ப்ரோ சே 15'. கட்டணம் 405 டாலர். கட்ட முடியாவிட்டால் கட்டண விலக்கு கேட்கும் ஏஓ 240 படிவத்தைச் சேர்த்துக் கொடுங்கள். ஆனால் கட்டண விலக்கு கேட்டால், எதிர்த்தரப்புக்கு அனுப்பும் முன்பே நீதிபதி மனுவைச் சலித்துப் பார்ப்பார். "அநியாயமாகப் பிடித்தார்கள்" என்று எழுதினால் அங்கேயே போய்விடும். "இரவு 9.40, கடை வாசல், அதிகாரி இன்னார் கையில் வாரண்ட் இல்லை, என்ன குற்றம் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விலங்கு மாட்டினார்": இப்படி, ஒரு பத்திக்கு ஒரு சம்பவம், எண் போட்டு.

நகராட்சியைப் பிடிப்பது கஷ்டம். போலீஸ்காரருக்குச் சம்பளம் கொடுக்கிறது என்பது போதாது, அதன் கொள்கையோ வழக்கமோதான் இதற்குக் காரணம் என்று காட்ட வேண்டும் (மொனெல் தீர்ப்பு, 1978).

கோர்ட்டுவாசல்: சம்மனை நீங்களே கொடுக்கக்கூடாது. வழக்கில் கட்சியில்லாத, 18 வயது நிரம்பிய யாராவது கொடுக்கலாம். கெடு 90 நாள். போலீஸ்காரர்களுக்குத் சம்மனை முறைப்படி கொடுக்கத் தேவையில்லை என்று ஒப்புக்கொள்ளும் விலக்குப் படிவத்தைத் தபாலில் அனுப்பலாம், கையெழுத்துப் போட்டால் பதில் தர அவர்களுக்கு 60 நாள். நகராட்சிக்கு அந்த வழி கிடையாது, நேரில்தான். கட்டண விலக்கு கிடைத்திருந்தால் மார்ஷல் (ஃபெடரல் கோர்ட்டின் காவல் அதிகாரி) கொண்டுபோய்க் கொடுப்பார், அவருக்கான யூஎஸ்எம் 285 படிவத்தை மட்டும் சரியான முகவரியோடு நிரப்புங்கள்.

உங்கள் வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எதிர்த்தரப்பின் மனு வந்ததும் பதறாதீர்கள், அநேகமாக வரும். அது வந்து 21 நாளுக்குள், முன்பு திருத்தியிருக்காவிட்டால், யார் அனுமதியும் கேட்காமல் புகாரைத் திருத்தலாம். வீடு மாறினால் கோர்ட்டுக்கு உடனே எழுதுங்கள். உத்தரவு பழைய முகவரிக்குப் போனால் கெடு தவறி வழக்கே போய்விடும்.